வீட்டு மேல ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாமா? செங்கல் இறங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

எங்கம்மா வீடு தாம்பரத்துக்கு மேற்கால, முடிச்சூர் பக்கம். 30க்கு 60 மனை, அதுல 850 சதுர அடில தரைதளம் மட்டும், 1997ல அப்பா கட்டினது. அப்பா போனதுக்கப்புறம் அம்மா தனியா இருந்தாங்க, மேல மொட்டமாடி சும்மா கெடந்துச்சு, பின்னாடி ஒரு முருங்க மரம், கொஞ்சம் காலி இடம். வர்ற சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொன்ன ஒரே டயலாக், "இவ்ளோ இடத்த சும்மா போட்டு வச்சிருக்கீங்களே, ஒரு போர்ஷன் போட்டா மாசம் பத்தாயிரம் வருமே". ரெண்டு வருஷம் இத கேட்டு கேட்டு கடைசில கட்டினோம். கட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா தெரியாம செஞ்ச தப்பு நிறைய, முதல் தடவையா யோசிக்கிறவங்களுக்கு உதவட்டும்னு நாங்க எந்த வரிசைல யோசிச்சிருக்கணுமோ அந்த வரிசைலயே எழுதுறேன். நாங்க யோசிச்சது தலைகீழ் வரிசை, அதாவது முதல்ல டைல்ஸ் கலர் பாத்தோம், அதுவே சொல்லிடும் எங்க லட்சணத்த.

முதல்ல கணக்கு, அதுவும் கசப்பான கணக்கு

"மாசம் பத்தாயிரம் வரும்"னு சொல்றவங்க யாரும் அதுக்கு எவ்ளோ போகும்னு சொல்றதில்ல. எங்க கணக்க அப்படியே தர்றேன், உங்க ஊர் ரேட்டுக்கு மாத்திக்கோங்க.

மாடில 650 சதுர அடி, ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன், ஒரு பாத்ரூம். எங்களுக்கு சொன்ன ரேட்டு சதுர அடி 2,400. ஆக 15 லட்சத்து 60 ஆயிரம். இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சோம். அப்புறம் வெளிப்படிக்கட்டு, கைப்பிடிச்சுவர், புது தண்ணி டேங்க், ஈபி கனெக்‌ஷன், பிளான் செலவு, செப்டிக் டேங்க் பெருசு பண்ணது எல்லாம் சேத்து இன்னொரு 3 லட்சத்து 10 ஆயிரம். மொத்தம் 18 லட்சத்து 70 ஆயிரம்.

வாடகை 11,000. வருஷத்துக்கு 12 மாசம்னு போடாதீங்க, 11 மாசம்னு போடுங்க, ஏன்னா ஆள் மாறும்போது ஒரு மாசம் காலியா கெடக்கும், பெயின்ட் அடிக்கணும். 1,21,000. இதுல கூடுதல் சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், பிளம்பர், அது இதுன்னு 16,000 போச்சுன்னா மிச்சம் 1,05,000. போட்ட காசுக்கு இது வருஷம் 5.6 சதவீதம். அதே காசு பேங்க்ல 7 சதவீதத்துக்கு எஃப்டில கெடந்தா 1,30,900 வரும், பிளம்பர கூப்பிட வேண்டியதில்ல, ராத்திரி பதினோரு மணிக்கு யாரும் வந்து "ஆன்ட்டி தண்ணி வரல"ன்னு கதவ தட்ட மாட்டாங்க.

இத படிச்சிட்டு உடனே வேணாம்னு முடிவு பண்ணாதீங்க, இன்னொரு பக்கமும் இருக்கு. எஃப்டி வட்டி அப்படியே நிக்கும், வாடகை ஏறும். வருஷம் 5 சதவீதம் ஏத்தினா 11,000 வாடகை பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 18,000 ஆகிடும். இடத்துக்கு நீங்க காசு குடுக்கல, ஏற்கனவே உங்களோடது. ஆனா கட்டடத்துக்கு வயசும் ஏறும், அதையும் மறந்துடக்கூடாது.

கடன் வாங்கி கட்டுறவங்களுக்கு கணக்கு இன்னும் இறுக்கம். 12 லட்சம் லோன், 9 சதவீதம், 15 வருஷம்னு போட்டா மாசம் இஎம்ஐ 12,170 சொச்சம். வாடகை 11,000. அதாவது வாடகை மொத்தமும் குடுத்து மேல ஆயிரத்து சொச்சம் கைல இருந்து போடணும், வீடு காலியா இருக்கற மாசம் முழுசும் கைல இருந்து. "வாடகைலயே லோன் அடைஞ்சிடும்"னு சொல்றவங்க எவ்ளோ சொந்தக்காசு போட்டாங்கன்னு கேட்டு பாருங்க.

அதனால நான் சொல்றது, வாடகைக்காக மட்டும்னா கட்டாதீங்க. அது கூட இன்னொரு காரணம் இருக்கணும். எங்களுக்கு இருந்த காரணம் ரெண்டு. ஒண்ணு, அம்மா ராத்திரில தனியா இருக்காங்க, கூப்பிட்டா குரல் குடுக்க ஒரு குடும்பம் வேணும். ரெண்டாவது 2015 டிசம்பர் வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவங்களுக்கு விளக்க வேணாம், வீட்டுக்குள்ள தண்ணி, அம்மாவும் அப்பாவும் மொட்டமாடில தார்ப்பாய்க்கு அடில ஒரு ராத்திரி பூரா. மேல ஒரு கூரை இருந்தா போதும்னு அன்னைக்கே தோணிச்சு. உங்க காரணம் வேறயா இருக்கும், பையனுக்கு நாளைக்கு கல்யாணம் ஆனா தனியா இருக்கட்டும்னு இருக்கலாம், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் பென்ஷன் இல்லாம மாசாமாசம் ஏதாவது வரணும்னு இருக்கலாம். அது என்னன்னு ஒரு வரில சொல்ல முடியலன்னா இங்கயே நிறுத்திடலாம்.

யாரு வருவாங்கன்னு தெருவுல நடந்து பாருங்க

இது ஒரு ஞாயித்துக்கெழம வேல. உங்க வீட்ட சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு நடங்க, டு-லெட் போர்டு தொங்குற வீட்டு நம்பர எல்லாம் எடுத்துட்டு வீடு தேடுற மாதிரி ஒரு பத்து பேருக்கு போன் போடுங்க. வாடகை, அட்வான்ஸ், தண்ணி எப்படி, கரன்ட் யூனிட்டுக்கு எவ்ளோ, வண்டி நிறுத்த இடம் உண்டா. நான் போன் போட்டு தெரிஞ்சுகிட்ட முக்கியமான விஷயம், கார் பார்க்கிங் இருக்கற வீடு பத்து நாள்ல போயிடுது, இல்லாத வீட்டு போர்டு மூணு மாசமா அங்கயே தொங்கி வெயில்ல வெளுத்து கெடக்கு. போர்டு எத்தன நாள் தொங்குதுன்னு பாருங்க, ஓனர் சொல்ற வாடகைய விட அதுதான் உண்மைய சொல்லும்.

ஊருக்கு என்ன வந்திருக்குன்னும் பாக்கணும். எங்க பக்கம் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துல இருக்கற கம்பெனிகளுக்கு போறவங்க எப்பவும் உண்டு, 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் தொறந்ததுக்கப்புறம் அந்த வழில வீடு கேக்குறவங்க அதிகமாயிட்டாங்க. உங்க ஊர்ல காலேஜா, சிப்காட்டா, ஆஸ்பத்திரியா, அத பொறுத்துதான் சிங்கிள் ரூமா ஒரு பெட்ரூமா ரெண்டு பெட்ரூமான்னு முடிவு பண்ணணும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஆசையா மூணு பெட்ரூம் கட்டினார், அந்த தெருவுல அந்த வாடகை குடுக்குற குடும்பம் எல்லாம் அபார்ட்மென்ட்டுக்கு போயிடுது, இப்ப நடுவுல சுவர் எழுப்பி ரெண்டா பிரிச்சிட்டு இருக்கார்.

பேப்பர், முக்கியமா யார் பேர்ல வீடு

இத பத்தி யாரும் பேச மாட்டாங்க, சங்கடமான விஷயம். வீடு அம்மா பேர்ல, மாடி கட்டுற காசு பையனோடதோ பொண்ணோடதோ. நாளைக்கு அம்மாவுக்கு அப்புறம் உயில் ஏதும் இல்லன்னா இந்து குடும்பத்துல அம்மா சொத்து பையன் பொண்ணு எல்லாருக்கும் சமமா போகும், அதுல மாடி யார் காசுல கட்டினதுன்னு பாத்து பிரிக்க மாட்டாங்க. மாடிக்கு 18 லட்சம் போட்டவரும் ஒரு ரூபா போடாதவரும் ஒரே பங்கு. எங்க வீட்ல நானும் என் தம்பியும். பாதிப்பாதி போட்டோம், அதனால பிரச்சன இல்ல, ஆனா அதையும் அம்மா முன்னாடி உக்காந்து வாய்விட்டு பேசிட்டுதான் ஆரம்பிச்சோம். ஒருத்தர் மட்டும் காசு போடுறதா இருந்தா அம்மா அப்பா நல்லா இருக்கும்போதே உயிலோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டுக்கு ஸ்டாம்ப் டூட்டில சலுகை உண்டு. "எங்க வீட்ல அப்படியெல்லாம் வராது"ன்னு சொல்றவங்க வீட்லதான் வரும்.

அடுத்தது அப்ரூவல். பழைய வீட்டோட பிளான் அப்ரூவல் காப்பி எங்கன்னு தேடுங்க. எங்க வீட்ல அது டிரங்க் பெட்டில புடவைக்கு அடில இருந்துச்சு, கரையான் ஒரு ஓரத்த தின்னுட்டு மிச்சம் விட்டு வச்சிருந்துச்சு. மனையே அன்அப்ரூவ்டுன்னா மொதல்ல அத சரி பண்ணணும், 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி ரிஜிஸ்டர் ஆன மனைகளுக்குன்னு 2017ல வரன்முறை திட்டம் கொண்டு வந்தாங்க, உங்க மனை அதுல போட்டிருக்கா இல்லையான்னு பாருங்க.

எவ்ளோ கட்டலாம்ங்கறதுக்கு 2019 கட்டட விதிதான் தமிழ்நாடு பூரா. சாதாரண வீடுகளுக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது 1,800 சதுர அடி மனைல எல்லா மாடியும் சேத்து 3,600 வரைக்கும் போகலாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எஃப்எஸ்ஐ இடிக்கவே இடிக்காது, இடிக்கிறது செட்பேக், அதாவது கட்டடத்த சுத்தி காலியா விட வேண்டிய இடம். முன்னாடி பக்கவாட்டுல எவ்ளோ விடணும்ங்கறது ரோடு அகலத்தையும் மனை அகலத்தையும் பொறுத்து மாறும். பழைய வீட்ல பாதி பேர் ஒரு பக்கம் காம்பவுண்ட ஒட்டி கட்டியிருப்பாங்க, அதுக்கு மேல எழுப்பும்போதுதான் மாட்டும்.

2024 ஜூலைல சுயசான்று முறை ஒண்ணு வந்துச்சு. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைதளமும் முதல் மாடியும் வரைன்னா சிங்கிள் விண்டோ போர்ட்டல்ல ஓனரே சான்று குடுத்து உடனே அனுமதி எடுத்துக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனா சுயசான்றுன்னா பொறுப்பு உங்க தலைல, யாரோ பிரவுசிங் சென்டர்ல உக்காந்து தட்டி குடுத்துட்டு போயிடக்கூடாது. ஏற்கனவே இருக்கிற வீட்டு மேல எழுப்புற உங்க கேஸுக்கு இது பொருந்துமான்னு பதிவு பெற்ற இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க. அனுமதி இல்லாம கட்டிட்டா பின்னாடி லோன், ஈபி, விக்கிறது எல்லாத்துலயும் முட்டும்.

மேலயா, பின்னாடியா

பின்னாடி காலி இடத்துல தனியா ஒரு சின்ன வீடு போடலாமேன்னு என் தம்பிக்கு ஆசை. தனி வீடுன்னா தலைக்கு மேல சத்தம் இல்ல, பழைய கட்டடத்த தொட வேணாம். ஆனா ஃபவுண்டேஷன்ல இருந்து புதுசா போடணும், அந்த வீட்டுக்கு போக உங்க வாசல் வழியாதான் பாதை, ரெண்டு வீட்டுக்கும் காத்து வெளிச்சம் கொறையும், முருங்க மரம் போகும். எங்களுக்கு 2015 ஞாபகம் வேற, கீழ இன்னொரு வீடு கட்டி அதுலயும் தண்ணி ஏறவா? மாடின்னு முடிவாச்சு.

மாடின்னா ஒரே கேள்வி, பழைய வீடு தாங்குமா. இத மேஸ்திரிகிட்ட கேக்காதீங்க. எங்க மேஸ்திரி காலால தரைய ரெண்டு தட்டு தட்டிட்டு "அந்தக்காலத்து வேலைங்க, மூணு மாடி தாங்கும்"னார். அப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்தோம். அவர் செஞ்சத கொஞ்சம் விவரமா சொல்றேன், உங்க வீட்ல இத செய்யாம யாராவது ஓகே சொன்னா நம்பாதீங்க.

வீட்டு மூலைல ஒரு காலத்த, அதாவது கான்கிரீட் தூண ஒட்டி குழி தோண்ட சொன்னார். நாலரை அடில ஃபுட்டிங், அதான் தூணுக்கு அடில இருக்கற அகலமான அஸ்திவாரம், தெரிஞ்சுது, டேப் வச்சு அளந்தார், 3 அடிக்கு 3 அடி. காலம் 9 இன்ச்சுக்கு 9 இன்ச். ஒரு இடத்துல பூச்சையும் அதுக்கடில மேல் கான்கிரீட்டையும் லேசா கொத்தி உள்ள என்ன கம்பி, எத்தன கம்பி, துரு பிடிச்சிருக்கான்னு பாத்தார், ஏன்னா வெள்ளத்தண்ணி நின்ன வீடு. அப்புறம் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி, பூச்சு எடுத்த இடத்துல காலத்துல வச்சு அழுத்தினா டக்குன்னு ஒரு அடி, உள்ள ஸ்பிரிங்ல இருக்கற சுத்தியல் எவ்ளோ தூரம் திரும்பி வருதுன்னு ஒரு நம்பர் காட்டும், அத வச்சு கான்கிரீட் எவ்ளோ உறுதின்னு சுமாரா தெரியும், ரீபவுண்ட் ஹேமர்ம்பாங்க. ஒவ்வொரு காலத்துலயும் பத்து பன்னெண்டு இடத்துல அடிச்சு எழுதிகிட்டார். அம்மா வாசப்படில உக்காந்து டாக்டர பாக்குற மாதிரி அவர் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க.

"9க்கு 9 காலம், இப்ப யாரும் இப்படி போடுறதில்லம்மா. ஒரு மாடி போடுங்க, சுவர் எல்லாம் வெயிட் கம்மியான பிளாக்ல வைங்க. அதுக்கு மேல ஆசப்படாதீங்க"ன்னார்.

அந்த ஒரு விசிட்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நாங்க குடுத்த காசு, அப்புறம் வேற எதுக்கு குடுத்த காசும் அவ்ளோ ஒர்த் இல்ல. அதுமட்டுமில்ல, அப்பா பின்னாளுக்குன்னு மொட்டமாடில காலத்துக்கு மேல கம்பி விட்டு வச்சிருந்தார், இருபத்தஞ்சு வருஷ மழைல அது பாதி கரைஞ்சு போயிருந்துச்சு. அத வெட்டிட்டு டிரில் போட்டு கெமிக்கல் ஊத்தி புது கம்பி நட சொன்னார். மேஸ்திரி கைல விட்டிருந்தா அந்த துருக்கம்பியோடவே கம்பிய கட்டி எழுப்பியிருப்பார்.

காலமே இல்லாம சுவர் மேல நிக்கிற பழைய வீடாவும் இருக்கலாம். அதுக்கும் மேல எழுப்ப முடியும் முடியாதுன்னு இன்ஜினியர் சொல்லட்டும். முடியாதுன்னா முடியாது, இன்னொருத்தர கூப்பிட்டு முடியும்னு சொல்ல வைக்காதீங்க.

தண்ணியும் கழிவும், இங்கதான் பாதி பேர் கவுறாங்க

ஒரு குடும்பத்துக்கு போட்ட போர், ஒரு குடும்பத்துக்கு போட்ட செப்டிக் டேங்க். ரெண்டு குடும்பம் வந்தா என்ன ஆகும்? எங்க தெருவுல பாதாள சாக்கடை இல்ல. முன்னாடி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ கழிவுநீர் லாரி வரும், மாடிக்கு ஆள் வந்ததுக்கப்புறம் முதல் வருஷமே ரெண்டு தடவ வந்துச்சு. லாரிக்காரர் ஹோச போர்டிகோ வழியா இழுத்துட்டு போகும்போது எல்லாம் அம்மா கோலத்த ஒரு வாளி தண்ணி ஊத்தி கழுவ வேண்டியது. அப்புறம்தான் டேங்க பெருசு பண்ணி குளிக்கிற தண்ணிய தனியா பிரிச்சு விட்டோம். இத கட்டும்போதே செஞ்சிருந்தா பாதி செலவு.

மே மாசத்துல உங்க போர்ல எவ்ளோ நேரம் மோட்டார் ஓடினா டேங்க் நிறையுதுன்னு வாட்ச் வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, டிசம்பர்ல பாத்தா எல்லா போரும் நல்ல போர்தான். மாடிக்குன்னு தனி டேங்க், தனி வால்வு வைங்க. ஒரே டேங்க்னா மேல ஷவர தொறந்து விட்டா கீழ குழாய்ல காத்துதான் வரும், அதுல இருந்துதான் சண்ட ஆரம்பிக்கும். மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டுல 2003ல இருந்து கட்டாயம், கடமைக்கு ஒரு பைப்ப மண்ணுக்குள்ள சொருகாம ஒழுங்கா குழி எடுத்து போட்டா உங்க போருக்குதான் நல்லது.

கரன்ட்டுக்கு தனி மீட்டர்தான், வேற யோசனையே வேணாம். வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, ரெண்டு குடும்பமும் ஒரே மீட்டர்ல ஓடினா 500 யூனிட் தாண்டிடும், தாண்டினா ஸ்லாப் கணக்கே மாறி பில்லு எகிறும். சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபா 10 ரூபான்னு வாங்குற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, குடியிருக்கறவங்க வயித்தெரிச்சல கொட்டிக்கிற வேல அது. தனி கிச்சன் தனி வழின்னு இருந்தா தனி கனெக்‌ஷன் கேக்கலாம், பிளான் போடும்போதே அந்த மாதிரி போடுங்க.

கட்டுற நேரத்துல

நவம்பர்ல ஆரம்பிக்காதீங்க. நாங்க ஆரம்பிச்சோம். மாடில இருந்த தட்டோட்ட எல்லாம் பேத்து எடுத்த மூணாவது நாள் மழை, வெறும் கான்கிரீட் வழியா தண்ணி கசிஞ்சு கீழ ஹால்ல டிவி மேலயே சொட்டுச்சு, அம்மா அண்டா குண்டா எல்லாத்தையும் பரப்பி வச்சிட்டு எனக்கு வீடியோ கால் போட்டாங்க, ஒரு வார்த்த பேசல, கேமராவ மட்டும் அண்டா அண்டாவா காட்டினாங்க. தை பொறந்ததும் ஆரம்பிச்சா மே மாசத்துக்குள்ள கூரை போட்டுடலாம்.

கான்ட்ராக்ட் பேசும்போது சதுர அடி ரேட்ட மட்டும் பேசாதீங்க. எங்க கான்ட்ராக்டர் மத்தவங்கள விட 150 ரூபா கம்மியா சொன்னார், சந்தோஷமா கையெழுத்து போட்டோம். அப்புறம் படிக்கட்டு எக்ஸ்ட்ரா, கைப்பிடிச்சுவர் எக்ஸ்ட்ரா, மொட்டமாடி தட்டோடு எக்ஸ்ட்ரா, லாஃப்ட் எக்ஸ்ட்ரா, மேல மெட்டீரியல் ஏத்துற கூலி கூட எக்ஸ்ட்ரா. எது எது அந்த ரேட்டுக்குள்ள வருதுன்னு கம்பி, சிமென்ட், ஒயர் பிராண்டு, டைல்ஸ் சதுர அடிக்கு எத்தன ரூபா வரைக்கும், எல்லாம் எழுதி வாங்குங்க. வேல முடிஞ்ச அளவுக்குதான் காசு, கடைசி பத்து சதவீதத்த முதல் மழை பாத்துட்டு குடுக்கிறேன்னு சொல்லுங்க, மொறைப்பாங்க, பரவால்ல.

படிக்கட்டு வெளிப்பக்கம் வைங்க. பாத்ரூம் கீழ இருக்கற பாத்ரூமுக்கு நேர் மேல வரட்டும். பூஜை ரூம் மேல பாத்ரூம் வரக்கூடாதுன்னு அம்மா பிடிவாதம், இன்ஜினியருக்கும் அதே பிடிவாதம் ஆனா வேற காரணத்துக்கு, பைப் எல்லாம் ஒரே நேர்ல இறங்கினா கசிவு வந்தாலும் ஒரே இடத்துல தேடலாம். வாஸ்துவும் பிளம்பிங்கும் ஒத்துப்போன ஒரே இடம் எங்க வீட்ல அதுதான். அப்புறம் மாடிக்கு மேல வெயில். சென்னை மே மாசத்துல கான்கிரீட் கூரைக்கு அடில ராத்திரி படுத்து பாருங்க, ஏன் ஏப்ரல்ல ஆள் காலி பண்றாங்கன்னு புரியும். வெள்ள கூல் டைல்ஸ் போட்டோம், கொஞ்சம் தேவல.

ஆள் வைக்கிறது

தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகை சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், அத வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதிவு பண்ணி நம்பர் வாங்கணும். அட்வான்ஸ் பத்து மாசம்ங்கற பழைய சென்னை வழக்கம் எல்லாம் மறந்துடுங்க, வேற மாதிரி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாலொழிய மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, காலி பண்ணா ஒரு மாசத்துக்குள்ள கழிக்க வேண்டியத கழிச்சிட்டு திருப்பி குடுக்கணும். வாடகை தரலன்னு தண்ணிய கரன்ட்ட கட் பண்றது எல்லாம் சட்டப்படி தப்பு. வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல 11 மாசத்துக்கு எழுதி பீரோல வச்சிட்டா போதும்னு இன்னும் நிறைய பேர் நெனைக்கிறாங்க, பிரச்சனன்னு வரும்போது அந்த பேப்பர் அவ்ளோ ஒண்ணும் காப்பாத்தாது.

அட்வான்ஸ் உங்க காசு இல்ல. வாங்கின அன்னைக்கே அத தனியா எஃப்டில போடுங்க. அட்வான்ஸ வச்சு கேட் போட்டுடலாம், கிரில் போட்டுடலாம்னு இறங்கினீங்கன்னா அவங்க காலி பண்ற அன்னைக்கு நீங்க கடன் வாங்கணும். லீசுக்கு விட்டு அந்த மொத்தக் காசுல மிச்ச வேலைய முடிக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கும் இதேதான், இன்னும் பெரிய அளவுல.

வாடகை வருமானம் யார் பேர்ல வீடோ அவங்க கணக்குல வரும். நீங்க கட்டின சொத்து வரிய கழிச்சு, மிச்சத்துல 30 சதவீதம் பராமரிப்புக்குன்னு கழிச்சுக்கலாம், பில்லு எதுவும் காட்ட வேணாம். புது மாடிய மாநகராட்சில சொல்லி வரிய திருத்திக்கோங்க, அரையாண்டு ஆரம்பிச்ச முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அதுக்கு சட்டமும் இல்ல இன்ஜினியரும் இல்ல. மேல ஒரு குடும்பம் வந்ததுக்கப்புறம் அது முழுசா உங்க வீடு இல்ல. அம்மாவுக்கு வருஷாவருஷம் மாசி பங்குனில மொட்டமாடில வடாம் பிழியணும். இப்ப அந்த இடத்துல இன்னொருத்தர் கிச்சன் இருக்கு, அதுக்கும் மேல ஏறணும்னா அவங்க வீட்டு வாசல் வழியா இரும்பு ஏணில ஏறணும், 68 வயசுல முடியாது. பின்னாடி முருங்க மரத்தடில நிழல்ல காயவச்சு பாத்தாங்க, ரெண்டு நாள்ல புளிச்சு போச்சு. இத பிளான் போடும்போது நாங்க யாருமே யோசிக்கல, அம்மாவும் சொல்லல. உங்க வீட்ல மொட்டமாடில என்னென்ன நடக்குதுன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, துணி காயுறது, பசங்க படிக்கிறது, கரன்ட் போனா பாய் போட்டு படுக்கிறது. அதுல எது போனா யாரு வருத்தப்படுவாங்கன்னு பாத்துட்டு கட்டுங்க.

இன்னொரு பக்கம், போன ஐப்பசில அம்மாவுக்கு ராத்திரி தல சுத்தி விழப்போனப்ப பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டு மேல இருந்து ஓடி வந்தது அந்த குடும்பம்தான். ஆட்டோ புடிச்சு கூட்டிட்டு போய் காட்டிட்டு அப்புறம்தான் எனக்கு போன் பண்ணாங்க. அதனால இந்த வருஷம் வாடகைய ஏத்தல. என் 5 சதவீத கணக்கு முதல் வருஷமே அவுட்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், கூரை கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள் முடிவு பண்ண வேண்டியது. காலத்துக்கு மேல கம்பி விடவா வேணாமான்னு மேஸ்திரி கேப்பார். இன்ஜினியர் இன்னொரு மாடி தாங்கும்னு சொல்லியிருந்தா மட்டும் விடுங்க, விட்டா சும்மா மழைல நிக்க விடாம சிமென்ட் பால் அடிச்சு, சிமென்ட் கம்மியா ஒரு கலவை போட்டு மூடி வைங்க. எங்க மேஸ்திரி கேட்டது என்கிட்ட இல்ல, அம்மாகிட்ட. "நாளைக்கு பேரன் பெரியவனானா கட்டிக்கட்டும்மா, ரெண்டடி விட்டு வைக்கிறேன்"னார்.

அம்மா அண்ணாந்து கொஞ்ச நேரம் பாத்தாங்க. "வெட்டி விட்ருப்பா. இருந்துச்சுன்னா யாராவது ஒருத்தர் வந்து, ஏன் சும்மா போட்டு வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க"ன்னாங்க.